அதித்லான் ஏரிக்கரையில் ஆறு நாள்: மாயா ஊர்களுக்கும் சந்தைகளுக்கும் முழுமையான வழிகாட்டி

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் இருக்கும் அதித்லான் ஏரிக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் விடுதியில்தான் தொடங்குகிறார்கள். விடுதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: சந்தை கூடும் கிழமை, மதியம் கிளம்பும் காற்று. கிழமை தப்பினால் நீங்கள் தேடிப்போன சந்தை அங்கே இருக்காது, வெறும் கடைத்தெருதான் இருக்கும். காற்று கிளம்பிய பிறகு படகேறினால் இருபது நிமிடப் பயணமே முதுகெலும்பைச் சோதித்துவிடும். இந்த இரண்டையும் வைத்து நாட்களை அடுக்கிவிட்டால் மற்றவை தாமாக அமையும்.

ஏரியின் அமைப்பு

ஏறக்குறைய 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பள்ளம் இது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரம், ஆழம் 300 மீட்டருக்கும் மேல். தென்கரையில் அதித்லான், தோலிமான், சான் பெத்ரோ என்று மூன்று எரிமலைகள். ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு கிடையாது. தண்ணீர் நிலத்தடி வழியாகக் கசிந்துதான் போகிறது. அதனால் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். தண்ணீருக்குள் பாதி மூழ்கிக் கிடக்கும் வீடுகளையும் பழைய படகுத்துறைகளையும் சான் பெத்ரோ பக்கம் பார்க்கலாம். பழைய வரைபடத்தில் காட்டியிருக்கும் துறையை நம்பி நடக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

கரையில் இரண்டு மாயா இனத்தார் வாழ்கிறார்கள். தெற்கிலும் மேற்கிலும் சுதுஹில் மொழி பேசுவோர்: சான்தியாகோ அதித்லான், சான் பெத்ரோ, சான் ஹுவான், சான் பாப்லோ. வடக்கிலும் கிழக்கிலும் கக்சிகேல் பேசுவோர்: பனஹாச்செல், சொலொலா, சான்தா குரூஸ், சான்தா காதரீனா பலொப்போ, சான் அந்தோனியோ பலொப்போ. ஏரியை விட்டு வடக்கே ஏறினால் சிச்சிகாஸ்தெனாங்கோ. அது கிச்சே மொழி நாடு. மூன்றும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்று மற்றொன்றின் கிளைமொழி என்று நினைத்துவிட வேண்டாம், தனித்தனி மொழிகள். ஸ்பானியம் எல்லா ஊரிலும் செல்லும். வயதான பெண்கள் சிலருக்கு மட்டும் தாய்மொழிதான் வரும். கக்சிகேலிலும் சுதுஹிலிலும் நன்றி சொல்ல 'மல்த்யோஷ்' என்றால் போதும். அந்த ஒரு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிடும்.

முதல் படி: சந்தைக் கிழமைகள்

சொலொலாவில் செவ்வாயும் வெள்ளியும் சந்தை, வெள்ளிதான் பெரிது. சிச்சிகாஸ்தெனாங்கோவில் வியாழனும் ஞாயிறும். சான்தியாகோ அதித்லானில் தினமும் காலைச் சந்தை உண்டு. வெள்ளியும் ஞாயிறும் களைகட்டும். பனஹாச்செல் சந்தை அன்றாடக் காய்கறிச் சந்தை, கிழமை பார்க்கத் தேவையில்லை.

இவற்றைக் கோத்தால் புதன் முதல் திங்கள் வரை ஆறு நாள் கணக்கு வருகிறது.

புதன்: குவாத்தமாலா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்திகுவாவிலிருந்து பனஹாச்செல் வந்து சேர்தல்.
வியாழன்: சிச்சிகாஸ்தெனாங்கோ போய்த் திரும்புதல்.
வெள்ளி: விடிகாலையில் சொலொலா, பத்தரைக்குள் திரும்பி, மதியத்துக்கு முன் படகில் சான் ஹுவான்.
சனி: சான் ஹுவானில் நெசவும் சாயமும்.
ஞாயிறு: காலையில் சான் பெத்ரோவிலிருந்து சான்தியாகோ, சந்தை, தேவாலயம், பிறகு பனஹாச்செல்.
திங்கள்: இரண்டு பலொப்போ ஊர்கள்.

நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் சிச்சிகாஸ்தெனாங்கோவை விட்டுவிடுங்கள், சொலொலாவை விடாதீர்கள். சிச்சியில் பாதிக் கடைகள் சுற்றுலாப் பயணிகளுக்காக விரித்தவை. சொலொலா சந்தை ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கூட்டுவது. துணி வாங்குவதே நோக்கம் என்றால் மட்டும் இந்தக் கணக்கை மாற்றிப் போடலாம், ஏனென்றால் சிச்சியில் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் அக்டோபர் வரை மழை. பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும், காலை வெளுத்திருக்கும். சந்தை காலை வேலை என்பதால் மழைக்காலத்திலும் இந்தத் திட்டம் செல்லும். ஆனால் மலைப்பாதையில் மண் சரியும், அதற்கு ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்த் திருவிழா நாளில் போக விரும்பினால்: சான் ஹுவான் ஜூன் 24, சான் பெத்ரோ ஜூன் 29, சான்தியாகோ ஜூலை 25, சொலொலா ஆகஸ்ட் 15, பனஹாச்செல் அக்டோபர் 4, சிச்சிகாஸ்தெனாங்கோ டிசம்பர் 21. அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது. பட்டாசு விடிய விடிய வெடிக்கும்.

இரண்டாம் படி: விசாவும் விமானமும்

அமெரிக்க, கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். அந்த 90 நாள் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்குக்கும் சேர்த்துத்தான். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் புது டெல்லியிலுள்ள குவாத்தமாலா தூதரகத்தை அணுக வேண்டும். ஏற்கெனவே அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ கையில் இருந்தால் தளர்வு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அச்சிட்டு எடுத்துப்போவது நல்லது. விமான நிலையக் கவுன்டரில் உங்களை நிறுத்துபவர் குவாத்தமாலா அதிகாரியாக இருக்க மாட்டார், விமான நிறுவன ஊழியராகத்தான் இருப்பார்.

இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கு மட்டுமே என்றாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழி போகிறவர்களும், மாறும் விமான நிலையத்தின் விதியைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். மலிவு டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு விசாவைப் பிறகு பார்ப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

மூன்றாம் படி: ஏரிக்குப் போய்ச் சேர்வது

விமானம் குவாத்தமாலா நகரத்தின் லா அவுரோரா நிலையத்தில் இறங்கும். அன்றைக்கே ஏரிக்கு ஓட வேண்டாம். சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் அந்திகுவாவில் இரவு தங்கி, மறுநாள் காலை ஷட்டில் வேனில் பனஹாச்செல் போகலாம். இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். நபருக்கு 100 முதல் 200 கெட்சால் வரை கேட்பார்கள். ஒரு டாலருக்கு 7.7 கெட்சால் வாக்கில், ஒரு கெட்சால் 11 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்கிடலாம்.

வண்ணம் பூசிய பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றை ஊரில் 'கமியோனேத்தா' என்பார்கள். பகலில், குறுந்தூரத்துக்கு அவை நல்ல வண்டிகள். பெட்டி படுக்கையோடு நெடுந்தூரம் போக அவை சரிப்படா. மேலே கூரையில் ஏற்றிய பெட்டி உங்கள் கண்ணில் படாது. இருவர் உட்காரும் இருக்கையில் மூவர் உட்காருவார்கள்.

வழியில் நடக்கக்கூடியது சாலை மறியல். ஸ்பானியத்தில் 'புளோக்கேயோ'. 2023 அக்டோபரில் தேர்தல் முடிவைக் காக்க மாயா ஊராட்சித் தலைமைகள் முன்னின்று நடத்திய மறியலில் நெடுஞ்சாலைகள் வாரக்கணக்கில் அடைபட்டன. அது அரிது. ஒரு நாள், அரை நாள் மறியல் அரிதல்ல. முதல் நாள் மாலையே விடுதிக்காரரிடம் "மஞ்ஞானா ஆய் புளோக்கேயோஸ்?" (நாளை மறியல் உண்டா?) என்று கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: படகு

ஏரியின் பேருந்து 'லாஞ்சா' என்னும் மோட்டார் படகு. இருபது பேர் வரை உட்காரும் கண்ணாடியிழைப் படகு, மேலே ஒரு துணிக் கூரையோ பிளாஸ்டிக் கூரையோ இருக்கும். கால அட்டவணை பெயரளவுக்குத்தான். ஆட்கள் சேர்ந்ததும் கிளம்பும்.

பனஹாச்செலில் இரண்டு துறைகள் இருப்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்திலுள்ள சன்ஹுயூ துறையிலிருந்து சான்தா குரூஸ், ஹைபாலித்தோ, சுனுனா, சான் மார்கோஸ், சான் ஹுவான், சான் பெத்ரோ என்று வடகரையை ஒட்டிப் படகு போகும். சான்தியாகோவுக்குப் போகும் படகு வேறு துறையில், கடைத்தெருவான காயே சான்தாந்தேர் முடியும் பக்கத்தில். சான் பெத்ரோவிலும் அப்படியே: பனஹாச்செல் படகு ஒரு பக்கம், சான்தியாகோ படகு ஊரின் மறுபக்கம், நடுவே கால் மணி நடை. தப்பான துறையில் நின்று அரை மணி காத்திருந்து விட்டுத்தான் பலர் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

துறையில் ஒருவர் ஓடிவந்து, "பொதுப் படகு போய்விட்டது, இனித் தனிப்படகுதான், 200 கெட்சால்" என்பார். நம்ப வேண்டாம். கூடையோடும் மூட்டையோடும் நிற்கும் ஊர்ப்பெண்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள். அவர்கள் ஏறுவதுதான் பொதுப்படகு.

கூலி இறங்கும்போதுதான். ஏறும்போது யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தூரத்தைப் பொறுத்து வெளியூர்க்காரருக்கு 10 முதல் 25 கெட்சால். ஊர்க்காரர்கள் இதைவிடக் குறைவாகத் தருவார்கள். அது அங்கே வழக்கமாகிவிட்ட இரட்டை விலை. படகுக்காரரிடம் சண்டை போட்டு மாறப்போவதில்லை. முந்தின இரவே விடுதியில் விலையைக் கேட்டு, சரியான சில்லறையைச் சட்டைப்பையில் தனியாக வைத்திருந்தால் இறங்கும்போது உதவியாளர் கையில் வைத்துவிட்டு நடக்கலாம். விலை கேட்டு நின்றால் விலை ஏறும். 100 கெட்சால் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள்.

இனி காற்று. காலையில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். தென்பக்கக் கடற்கரைச் சமவெளியிலிருந்து வரும் வெப்பக் காற்று மலைநாட்டின் குளிர்காற்றைச் சந்திக்கும்போது, மதியத்தை ஒட்டி அலை எழும்பும். அதன் பெயர் ஷோகோமில். அந்த நேரத்தில் படகின் முன்பகுதி ஒவ்வோர் அலையிலும் தூக்கி அடிக்கும். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் உட்காரவே கூடாது. நடுவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அடி குறையும், சாரல் சற்று அதிகம். கேமராவையும் கடவுச்சீட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நீண்ட படகுப் பயணம் எல்லாம் பன்னிரண்டுக்குள் முடியும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். சான் பெத்ரோவிலிருந்து பனஹாச்செலுக்குக் கடைசிப் படகு மாலை 5 மணி வாக்கில் போய்விடும். அதைத் தவறவிட்டால் தனிப்படகுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும்.

உயிர்காப்பு உடை படகில் இருக்கும், இருக்கைக்கு அடியிலோ கூரையிலோ செருகியிருக்கும். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

ஊருக்குள் போக மூன்று சக்கர ஆட்டோ; பெரும்பாலும் நம்மூரிலிருந்து ஏற்றுமதியான பஜாஜ் வண்டிகளே. அங்கேயும் அதை 'துக்-துக்' என்றுதான் அழைக்கிறார்கள். சான் ஹுவானுக்கும் சான் பெத்ரோவுக்கும் இடையே பத்து நிமிடம், நபருக்கு 10 கெட்சால் வாக்கில். ஏறுமுன் விலை பேச வேண்டும்.

வியாழன்: சிச்சிகாஸ்தெனாங்கோ

பனஹாச்செலிலிருந்து சந்தை நாளில் வேன்கள் நேராகப் போகின்றன, ஒன்றரை மணி நேரம். பேருந்தில் போனால் சொலொலா, அங்கிருந்து லோஸ் என்குவென்த்ரோஸ் சந்திப்பு, அங்கிருந்து சிச்சி என்று மாறி மாறிப் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வந்து குவியும். எட்டு மணிக்கு அங்கே இருந்தால் சந்தையின் உண்மையான முகத்தைப் பார்க்கலாம். கடைக்காரர்கள் பலர் முந்தின இரவே வந்து, கம்பு நட்டுக் கூரை கட்டிவிடுகிறார்கள்.

வெளிவளையத்தில் துணியும் முகமூடியும் இருக்கும். அதைக் கடந்து உள்ளே போனால் ஊர்க்காரர்களின் சந்தை: சுண்ணாம்புக் கட்டி, வழிபாட்டில் புகைக்கும் 'கோபால்' பிசின், கருப்பு பீன்ஸ், காய்ந்த மிளகாய், கோழி. மையத்திலுள்ள கட்டடத்தின் மாடிக்கு ஏறினால் கீழே காய்கறிச் சந்தை முழுவதும் தெரியும். யாரையும் நெருங்கித் தொந்தரவு செய்யாமல் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சான்தோ தோமாஸ் தேவாலயம் 1540-களில், பழைய கோயில் மேடையின் மீது கட்டப்பட்டது. அதன் 18 படிகளை மாயா நாட்காட்டியின் 18 மாதங்களோடு பொருத்திச் சொல்வார்கள். படிகளில் பிசின் புகை எழும்ப வழிபாடு நடந்துகொண்டிருக்கும். முன்வாசல் வழிபடுவோருக்கானது. வெளியார் பக்கவாசல் வழியாகத்தான் போக வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் கிச்சே மக்களின் தோற்றக் கதையான போபோல் வூஹைப் படியெடுத்தது இந்த ஊரில்தான். அவர் எழுதிய பிரதி ஒன்றே இன்று எஞ்சியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படிகளைப் பாருங்கள்.

வெள்ளி: சொலொலா, பிறகு சான் ஹுவான்

பனஹாச்செலிலிருந்து 8 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 500 மீட்டருக்கு மேல். கமியோனேத்தாவில் இருபது நிமிடம், சில கெட்சால்தான். ஏழு மணிக்கு அங்கே இருங்கள். குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஆண்களும் இன்னும் ஊர் உடை அணிந்து வருவதைப் பரவலாகப் பார்க்கக் கிடைக்கும் சில இடங்களில் சொலொலா ஒன்று: கோடு போட்ட நெய்த கால்சட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய கம்பளித் துண்டு, முதுகில் வௌவால் உரு வைத்த மேல்சட்டை. அந்த வௌவால் பழைய கக்சிகேல் அரச மரபின் சின்னம்.

இங்கே வாங்க வேண்டியது பழமும் காயும். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். இடைவழிகள் ஒரு ஆள் அகலம்தான், முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நெரிசலில் பையறுப்பு நடப்பது உண்டு. கூட்டத்துக்கு நடுவே நின்று படம் எடுப்பதும் வழியை அடைப்பதும்தான் அங்கே எரிச்சல் மூட்டும்.

பத்து மணிக்குக் கிளம்பினால் பனஹாச்செலில் பையை எடுத்துக்கொண்டு, சன்ஹுயூ துறையில் பதினொரு மணிப் படகைப் பிடிக்கலாம். சான் ஹுவான் முக்கால் மணி நேரம்.

சனி: நெசவும் சாயமும்

இந்தப் பயணத்தில் நிதானமாக ஒரு முழு நாள் கொடுக்க வேண்டிய ஊர் சான் ஹுவான் லா லகுனா. இங்கே பெண்கள் கூட்டுறவு அமைத்து, செடி கொடியிலிருந்து சாயம் எடுத்து, இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். செய்முறை விளக்கம் இலவசமாகவே காட்டுவார்கள். எதுவும் வாங்காவிட்டாலும் சிறு தொகை வைத்துவிட்டு வருவது முறை.

இடுப்புத் தறி என்றால் சட்டம் இல்லாத தறி. பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனை மரத்திலோ தூணிலோ கட்டியிருக்கும். மறுமுனை நெசவாளியின் இடுப்பைச் சுற்றிய வாரில். முன்னால் சாய்ந்தால் பாவு தளரும், பின்னால் சாய்ந்தால் இறுகும். ஆக, உடம்பே தறியின் பாதி. துணியின் அகலம் கை எட்டும் தூரத்துக்கு மேல் போகாது. அதனால்தான் 'உய்பில்' எனப்படும் மேல்சட்டையை இரண்டு, மூன்று துண்டுகளாக நெய்து பிறகு தைக்கிறார்கள். பூவேலை மிகுந்த ஒரு உய்பில் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

சாயத்தில் சிவப்புதான் அதிசயம். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து நசுக்கினால் கருஞ்சிவப்பு வரும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் அதுவே ஆரஞ்சாகும், சுண்ணாம்பு பட்டால் ஊதாவாகும். உங்கள் உள்ளங்கையிலேயே செய்து காட்டுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதே பூச்சியை வளர்க்க சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பெரிகோன் பூ, பழுப்புக்குத் தேங்காய் நார். சாயம் நிலைக்க வாழைத்தண்டு ஊறிய நீர்.

துணியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை:

1. கரையைப் பாருங்கள். இடுப்புத் தறித் துணிக்கு நான்கு பக்கமும் வெட்டாத முழுக்கரை அமையும். வெட்டி மடித்துத் தைத்திருந்தால் மிதித் தறியோ ஆலைத் துணியோதான்.
2. புரட்டிப் பாருங்கள். நெசவிலேயே போட்ட உரு பின்பக்கம் நூலோட்டமாகத் தெரியும். பின்பக்கம் வெளிறி வெறுமையாக இருந்தால் அது அச்சாக இருக்கலாம். சங்கிலிபோல் ஒரே சீரான தையல் தெரிந்தால் இயந்திரப் பூவேலை.
3. நடுவில் இணைப்புத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். மிக அகலமான துணி, இணைப்பே இல்லை என்றால் அது இடுப்புத் தறி அல்ல.
4. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் மூலையில் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வீட்டில் துவைக்கும்போது மற்றத் துணியையும் கெடுக்கும். முதலில் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

மிதித் தறித் துணி போலி என்று ஒதுக்க வேண்டாம். பெண்கள் இடுப்பில் சுற்றும் 'கோர்த்தே' பாவாடைத் துணியைப் பெரும்பாலும் ஆண்கள் மிதித் தறியில் நெய்கிறார்கள். அதிலுள்ள 'ஜஸ்பே' உரு, நம் நாட்டு இக்கத் போலவே நூலைக் கட்டிச் சாயமிட்டு வருவது. விலை மட்டும் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தையில் பேரம் உண்டு. சொன்ன விலையிலிருந்து கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கேட்கலாம். "குவாந்தோ எஸ் லோ மேனோஸ்?" (கடைசி விலை என்ன?) என்பதே அங்குள்ள கேள்வி. விற்பவரை 'சேன்யோ' என்று அழையுங்கள். பெண் வியாபாரிகளை மரியாதையாக அழைக்கும் சொல் அது. கூட்டுறவில் கறார் விலை. நெய்தவர் பெயரே சீட்டில் எழுதியிருக்கும், அங்கே பேரம் பேசக் கூடாது. சந்தையிலும் ஒரு விலை சொல்லி அவர் ஒப்புக்கொண்ட பிறகு வேண்டாமென்று நகர்வது பெரிய மரியாதைக் குறைவு.

ஞாயிறு: சான்தியாகோ அதித்லான்

காலை எட்டுக்கு சான் பெத்ரோவின் தென்பக்கத் துறையில் படகேறினால் அரை மணியில் சான்தியாகோ. பறவைகள் பூவேலையாக நிறைந்த உய்பில் இந்த ஊருக்கே உரியது. வயதான பெண்கள் சிலர் நீண்ட சிவப்பு நாடாவைத் தலையைச் சுற்றி வட்டத் தட்டுபோல் சுற்றியிருப்பார்கள், அதன் பெயர் 'தொகொயால்'. உங்களிடம் 25 சென்டாவோ நாணயம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அதிலிருக்கும் முகம் இந்த ஊர்ப் பெண்ணான கோன்செப்சியோன் ராமிரெஸுடையது. தலையில் அதே நாடா.

சந்தைக்குப் பிறகு தேவாலயம். உள்ளே மரச்சிலைகளுக்கு ஊர்ப்பெண்கள் தைத்த துணிகளை உடுத்தியிருப்பார்கள். இங்கே பணியாற்றிய ஸ்டான்லி ரோத்தர் என்ற பாதிரியார் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1981 ஜூலை 28 அன்று கொல்லப்பட்டார். 2017-ல் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 1990 டிசம்பர் 2 அன்று, நிராயுதபாணிகளாகத் திரண்ட ஊர்மக்களை ராணுவம் சுட்டது. அதன் பிறகு ஊரார் ஒன்றுகூடி ராணுவ முகாமையே வெளியேற்றினார்கள். முகாம் இருந்த பனபாஹ் பகுதியில் இப்போது அமைதிப் பூங்கா இருக்கிறது. அதே பனபாஹை 2005 அக்டோபரில் ஸ்டான் புயல் மழையின் மண்சரிவு மூடியது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த ஊரில் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருப்பது நல்லது.

மாஷிமோன் என்ற, மரத்தால் செய்த தெய்வ உருவத்தை இங்கே ஒரு சமயக் குழுவினர் ஆண்டுக்கு ஒரு வீடாக மாற்றி வைத்துப் போற்றுகிறார்கள். வாயில் சுருட்டு, கழுத்தில் பட்டுத் துணிகள், காணிக்கையாக மதுவும் சிகரெட்டும். ஆட்டோக்காரர் வீட்டைக் காட்டுவார். உள்ளே போகச் சிறு கட்டணம், படம் எடுக்கத் தனிக் கட்டணம். வழிபாடு நடந்தால் ஓரமாக நின்று, முடியும் வரை பேசாமல் இருக்க வேண்டும்.

பதினொரு மணிக்குள் பனஹாச்செல் படகில் ஏறுங்கள். ஏரியின் நடுவைக் கடக்கும் பாதை இது, காற்று வந்தால் இங்கேதான் அதிகம் அடிக்கும்.

திங்கள்: பலொப்போ ஊர்கள்

பனஹாச்செலிலிருந்து பிக்கப் வண்டிகள் போகின்றன. பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி பயணம். சான்தா காதரீனா பலொப்போ பத்துப் பதினைந்து நிமிடம். ஊர்ப்பெண்களின் நீல உய்பில் உருக்களையே வீட்டுச் சுவர்களில் வண்ணமாகத் தீட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து சான் அந்தோனியோ பலொப்போ. படிக்கட்டு வரப்புகளில் வெங்காயம், மண்பாண்டப் பட்டறைகள். அரை நாள் போதும்.

படம் எடுப்பதும் பேசுவதும்

குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள், தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். இதற்குக் கடுமையான காரணம் உண்டு. 2000 ஏப்ரலில், தோதோஸ் சாந்தோஸ் குச்சுமத்தான் என்ற மலையூரில், குழந்தை கடத்தல் வதந்தியால் ஜப்பானியப் பயணி ஒருவரையும் பேருந்து ஓட்டுநரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. பெரியவர்களிடம் "புவெதோ தோமார் உனா ஃபோத்தோ?" என்று கேட்டு, தலையசைத்தால் மட்டும் எடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஸ்பானியத்தில் "நான் இந்தியன்" என்பதற்கு 'இந்தியோ' என்று சொல்லிவிடாதீர்கள். குவாத்தமாலாவில் அது மாயா மக்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல். "சோய் தே லா இந்தியா" (நான் இந்தியாவிலிருந்து) என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. அவர்களைக் குறிக்க 'மாயா', 'இந்திஹேனா' என்று சொல்லலாம்.

சாப்பாடு

'கொமெதோர்' என்ற சிறு உணவகத்தில் மதியச் சாப்பாடு 30 முதல் 50 கெட்சால். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, கையால் தட்டிச் சுட்ட தோர்த்தியா எல்லா வேளைக்கும் உண்டு. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருவெங்கும் அந்தத் தட்டும் ஓசை கேட்கும். பெப்பியான் என்பது வறுத்த பூசணி விதையும் எள்ளும் மிளகாயும் அரைத்த குழம்பு, வழக்கமாகக் கோழியோடு.

சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியை அவர்கள் 'கார்னே' கணக்கில் சேர்க்காமல் போகலாம். "சின் போயோ, சின் கால்தோ தே போயோ, சின் மாந்தேக்கா" என்று கோழி, கோழிச் சாறு, பன்றிக்கொழுப்பு மூன்றையும் சொல்ல வேண்டும். கருப்பு பீன்ஸ் மசியலில் மாந்தேக்கா சேர்ப்பது சகஜம். முட்டை, பீன்ஸ், தோர்த்தியா, வெண்ணெய்ப்பழம், பொரித்த நேந்திரம் எங்கும் கிடைக்கும். குழாய் நீரும் ஏரி நீரும் குடிக்க ஆகாது. 2009-ல் ஏரியில் பரவலாக நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. கழிவுநீர்ச் சிக்கல் இன்னும் தீரவில்லை. குளிக்க நினைத்தால் ஊர்த்துறையை விட்டு விலகிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பணமும் பாதுகாப்பும்

பனஹாச்செலிலேயே, வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம்மில் பகல் நேரத்தில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர இயந்திரங்களில் அட்டை விவரம் திருடப்படுவதுண்டு. கையோடு 5, 10, 20 தாள்களாக மாற்றுங்கள். டாலர் தாளில் சிறு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். துணி வாங்குவதை ஒதுக்கிவிட்டு, எளிய அறையில் தங்கினால் ஒருவருக்கு நாளுக்கு 400 முதல் 600 கெட்சால் போதும்.

ஊர்களுக்கு இடையேயான மலைப்பாதைகளில், குறிப்பாக சான்தா குரூஸிலிருந்து சான் மார்கோஸ் வரையிலான பாதையில், வழிப்பறி நடந்திருக்கிறது. நடக்க வேண்டுமென்றால் உள்ளூர் வழிகாட்டியோடு, காலையில். விடியல் பார்க்க ரோஸ்த்ரோ மாயா சிகரத்துக்கு இருட்டில் ஏறுவதும் அப்படியே.

திரும்பும் நாளில் அதிகாலை ஷட்டில் பிடித்து, மாலை விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மறியலோ மண்சரிவோ ஒன்று வந்தாலே மூன்று மணி நேரப் பாதை எட்டு மணி நேரமாகும். திங்கள் மதியமே பனஹாச்செலை விட்டுக் கிளம்பி, அந்திகுவாவில் இரவு தங்குங்கள். வாங்கிய துணியைப் பெட்டியில் போடுமுன் உலர்ந்த பையில் கட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் வேன் கூரையில் ஏற்றிய பெட்டிகள் நனைந்துதான் வந்து சேரும்.